ஒரு கடிதத்தில் கைமாறிய பெயர்

1994 மே மாதம் கேரி கிரெமென் என்ற அமெரிக்கர் செக்ஸ்.காம் என்ற டொமைன் பெயரைப் பதிவு செய்தபோது அதற்கு ஒரு காசும் செலவாகவில்லை. ஸ்டான்ஃபோர்டில் நிர்வாகம் படித்த அவர், இணையம் சீக்கிரமே பெரிய விளம்பரச் சந்தையாகும் என்று கணித்து, ஜாப்ஸ்.காம், ஹவுசிங்.காம், மேட்ச்.காம் என்று பெயர்களை வரிசையாக எடுத்து வைத்தார். செக்ஸ்.காமை ஆன்லைன் கிளாசிஃபைட்ஸ் என்ற நிறுவனத்தின் பேரில் பதிந்தார். தொடர்புக்குத் தன் பெயரைக் கொடுத்தார். அந்த முகவரியில் அவர் எதையும் கட்டவில்லை. அவருடைய கவனமெல்லாம் துணை தேடுவோருக்கான மேட்ச்.காமில் இருந்தது.

அன்றைக்கு .காம் பெயர்களின் பதிவேடு முழுவதும் வர்ஜீனியாவைச் சேர்ந்த நெட்வொர்க் சொல்யூஷன்ஸ் என்ற ஒரே நிறுவனத்தின் கையில் இருந்தது. அமெரிக்காவின் தேசிய அறிவியல் அறக்கட்டளையோடு செய்துகொண்ட ஒப்பந்தப்படி 1993 முதல் அந்த வேலையை அது பார்த்துவந்தது. 1995 செப்டம்பரில்தான் கட்டணம் வந்தது: இரண்டு ஆண்டுகளுக்கு 100 டாலர். டொமைன் என்பது அந்தப் பதிவேட்டில் ஒரு வரி, அவ்வளவுதான். இந்தப் பெயர் இன்னாருடையது, இதைத் தேடி வருவோரை இந்தக் கணினிக்கு அனுப்பு என்று அந்த வரி சொல்லும். வரியைத் திருத்த முடிந்தவர் கைக்கு இணையதளம் போய்விடும். அந்தப் பெயருக்கு வரும் மின்னஞ்சலும் போய்விடும். கணினியை யாரும் உடைக்க வேண்டியதில்லை.

ஸ்டீபன் கோஹன் அதைப் புரிந்துகொண்டவர். திவால் வழக்கறிஞராக ஆள்மாறாட்டம் செய்த குற்றத்துக்காகச் சிறையில் இருந்துவிட்டு வந்தவர். 1995 அக்டோபரில் அவர் நெட்வொர்க் சொல்யூஷன்ஸுக்கு ஒரு கடிதத்தைச் சேர்ப்பித்தார். ஆன்லைன் கிளாசிஃபைட்ஸ் நிறுவனமே தனக்கு எழுதியது என்று சொல்லிக் கொடுத்த கடிதம் அது. கிரெமெனை வேலையிலிருந்து நீக்கிவிட்டோம், பதிவேட்டில் அவர் பெயரை மாற்ற மறந்துவிட்டோம், செக்ஸ்.காமைக் கைவிட இயக்குநர் குழு முடிவு செய்திருக்கிறது, நீங்கள் எடுத்துக்கொள்வதில் எங்களுக்கு ஆட்சேபமில்லை என்பது அதன் சாரம். அதை நேராகப் பதிவு நிறுவனத்துக்கே எழுதாமல் கோஹனுக்கு ஏன் எழுத வேண்டும்? அதற்கும் கடிதத்தில் பதில் இருந்தது: எங்களிடம் நேரடி இணைய இணைப்பு இல்லை, அதனால் எங்கள் சார்பில் நீங்களே தெரிவித்துவிடுங்கள்!

'ஆன்லைன்' என்பதைப் பெயரிலேயே வைத்திருக்கும் நிறுவனத்துக்கு இணைய இணைப்பு இல்லையாம். பதிவேட்டில் கிரெமெனின் தொடர்பு விவரம் இருந்தது. ஒருமுறை அவரைக் கூப்பிட்டுக் கேட்டிருந்தால் மோசடி அந்த நிமிடமே உடைந்திருக்கும். யாரும் கேட்கவில்லை. கடிதத்தை அப்படியே ஏற்று, பெயரைக் கோஹனுக்கு மாற்றிக் கொடுத்தார்கள். பிறகு விஷயம் தெரிந்து கிரெமென் முறையிட்டபோது, இனி மாற்ற முடியாது, காலம் கடந்துவிட்டது என்றார்கள். இந்தக் கதையில் என்னை மிகவும் கோபப்படுத்துவது இந்தப் பதில்தான். திருடனின் கடிதத்துக்கு விசாரணை இல்லை, உரியவரின் முறையீட்டுக்கோ தீர்வு இல்லை.

அடுத்த ஐந்து ஆண்டுகள் அந்தப் பெயர் கோஹனிடம் பொன் முட்டையிட்டது. தேடுபொறிகள் வளராத காலம் அது. மனதில் தோன்றிய சொல்லோடு .காம் சேர்த்து மக்கள் நேராகத் தட்டிப் பார்ப்பார்கள். அதை நம்பி ஆபாசப் பட விளம்பரங்களின் பெரிய சந்தையையே அவர் அங்கே நடத்தினார். கிரெமென் வழக்குப் போட்டார். 2000 நவம்பரில் கலிஃபோர்னியாவில் சான் ஹோசே நகரின் கூட்டாட்சி நீதிமன்றத்தில் நீதிபதி ஜேம்ஸ் வேர், கடிதம் போலி என்று கண்டு பெயரைத் திருப்பிக் கொடுக்க உத்தரவிட்டார். மறு ஆண்டு இழப்பீடாக 4 கோடி டாலரும், தண்டனைத் தொகையாக 2.5 கோடி டாலரும் கோஹன் தர வேண்டும் என்று தீர்ப்பானது.

பெயர் வந்தது, பணம் வரவில்லை. சொத்துகளை முடக்கிய உத்தரவைப் பொருட்படுத்தாமல் கோஹன் பெருந்தொகைகளை வெளிநாட்டுக் கணக்குகளுக்கு அனுப்பினார். நீதிமன்றப் பொறுப்பில் இருந்த அவருடைய வீட்டிலிருந்து அலமாரிக் கதவுகள் முதல் கழிப்பறைப் பீங்கான் வரை பெயர்த்தெடுத்துப் போயிருந்தார்கள். ஆள் மெக்சிகோவுக்குத் தப்பிவிட்டார். கிரெமென் மீட்ட அதே செக்ஸ்.காமில் கோஹனின் படத்தைப் போட்டு, பிடித்துக் கொடுப்போருக்கு 50,000 டாலர் பரிசு என்று அறிவித்தார். 2005 அக்டோபரில்தான் திஹுவானா நகரில் கோஹன் பிடிபட்டார். தீர்ப்பான தொகையில் பெரும்பகுதி கடைசிவரை வசூலாகவில்லை.

இதைவிட முக்கியமான வழக்கு பதிவு நிறுவனத்தின் மேல் கிரெமென் தொடுத்தது. நம் ஊரில் போலிப் பத்திரம் தயாரித்து அடுத்தவர் மனையைப் பதிவு செய்துகொள்வார்கள்; மனைக்கு உரியவர் முதலில் போய் நிற்பது பதிவு அலுவலகத்தில்தான். கிரெமெனும் அங்கேதான் போய் நின்றார். கீழ் நீதிமன்றம் கைவிரித்தது. பெயரை இலவசமாகப் பெற்றதால் ஒப்பந்தம் என்று ஒன்று இல்லை. கையில் பிடிக்க முடியாத பெயரை, பொருளை அபகரித்ததாகச் சொல்லும் சட்டத்துக்குள் கொண்டுவர முடியாது என்றது. மேல்முறையீட்டில், 2003 ஜூலை 25 அன்று, ஒன்பதாவது வட்டார நீதிமன்றம் அதை மாற்றியது. நீதிபதி அலெக்ஸ் கொசின்ஸ்கி எழுதிய தீர்ப்பு, டொமைன் பெயரும் சொத்துதான் என்றது; பெயரைப் பதிவது நில உரிமை அலுவலகத்தில் மனைக்கு உரிமை கோருவதைப் போன்றது என்றது. அடுத்தவர் சொத்தை எடுத்து வேறொருவருக்குக் கொடுத்தவர், கெட்ட எண்ணம் இல்லாமல் கொடுத்திருந்தாலும் பொறுப்பேற்க நேரிடும் என்பது அதன் அடிப்படை. வழக்கு 2004இல் சமரசத்தில் முடிந்தது. என் பார்வையில் இணையத்தின் வரலாற்றில் சாதாரண மனிதருக்குக் கிடைத்த பெரிய பாதுகாப்புகளில் இந்தத் தீர்ப்பும் ஒன்று. அதுவரை பதிவேடு வைத்திருந்தவர்களுக்குக் கவனக்குறைவால் எந்த நஷ்டமும் இல்லை.

கிரெமென் 2006இல் பெயரை எஸ்காம் என்ற நிறுவனத்துக்கு விற்றார். விலை 1.2 கோடி டாலருக்குக் குறையாது என்று பேசப்பட்டது. எஸ்காம் நொடித்துப்போக, 2010இல் 1.3 கோடி டாலருக்கு அது இன்னொரு கைக்குப் போனது. தேடுபொறிகள் வந்த பிறகு இந்த மாதிரிப் பெயர்களின் பழைய மவுசு இல்லை என்பதால், பயணத்தின் இந்தப் பகுதியில் சொல்ல அதிகமில்லை.

இடையில் பூட்டுகள் வந்தன. இன்று ஒரு பெயரை வேறு பதிவு நிறுவனத்துக்கு மாற்ற, அந்தப் பெயருக்கென்றே உள்ள ரகசியக் குறியீடு வேண்டும். மாற்றத்தைத் தடுக்கும் பூட்டை உரிமையாளர் போட்டு வைக்கலாம். பூட்டுகள் வந்துகொண்டிருந்த காலத்தில், 2005 ஜனவரியில், நியூயார்க்கின் பழைய இணையச் சேவை நிறுவனமான பானிக்ஸின் பெயர், ஒரு வார இறுதியில், அவர்களுக்குத் தெரியாமலே ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் ஐடி என்ற பதிவு நிறுவனத்துக்கு மாறியது. வாடிக்கையாளர்களின் மின்னஞ்சல் வேறெங்கோ போனது. மெல்போர்ன் ஐடிக்காகச் சரிபார்க்க வேண்டிய இடைத்தரகர் சரிபார்க்கவில்லை என்பதுதான் பிறகு தெரிந்த காரணம். இதற்கெல்லாம் மேலே ஒரு பூட்டு இருக்கிறது. அதைப் போட்டுவிட்டால், .காம் பதிவேட்டை இப்போது நடத்தும் வெரிசைன், முன்பே குறித்து வைத்த ஆளிடம் பேசி உறுதி செய்யாமல் வரியைத் தொடாது. எல்லாப் பதிவு நிறுவனமும் அதைத் தருவதில்லை. தருவோரும் தனிக் கட்டணம் கேட்பார்கள். பெரிய வங்கிகள் வாங்கிக்கொள்ளும். ஒரு சிறு பத்திரிகையின் தளமோ, ஊர்ச் சங்கத்தின் தளமோ அது இருப்பதையே அறியாது. அடிப்படைப் பாதுகாப்பைக் கூடுதல் வசதியாக விற்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

2021 ஜனவரி கடைசியில் பெர்ல்.காம் காணாமல் போனது. பெர்ல் நிரல்மொழிக்காரர்களின் பழைய தளம் அது. 1994 முதல் ஒருவரே வைத்திருந்த பெயர். காலாவதியாகவும் இல்லை. ஆராய்ந்து பார்த்தபோது முந்தைய செப்டம்பரிலேயே கணக்கு கைமாறிவிட்டிருந்தது தெரிந்தது. திருடியவர்கள் அவசரப்படவில்லை. டிசம்பரில் வேறொரு பதிவு நிறுவனத்துக்கு மாற்றினார்கள். தளம் வழக்கம்போல் ஓடிக்கொண்டிருந்ததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. ஜனவரியில் மூன்றாவது நிறுவனத்துக்கு மாற்றிய பிறகுதான் முகவரியைத் திருப்பி, 1,90,000 டாலருக்கு விற்பனைக்கு வைத்தார்கள். பெயர் முதலில் இருந்த இடம் நெட்வொர்க் சொல்யூஷன்ஸ். போலி ஆவணங்களைக் காட்டி அந்த நிறுவனத்தை ஏமாற்றியிருக்கிறார்கள் என்பதே தளத்தை நடத்துவோரின் கணிப்பு.

சில நாட்களில் பெயர் உரியவரிடம் திரும்பியது. ஆனால் திருட்டுப்போன நாட்களில் அது தீநிரல்களோடு தொடர்புள்ள முகவரியைக் காட்டியதால், பல பாதுகாப்பு மென்பொருள்கள் அதைக் கறுப்புப் பட்டியலில் சேர்த்துவிட்டன. மீட்ட பிறகும் சில இடங்களில் அந்தத் தளம் திறக்கவில்லை. தங்கள் பெயரில் குற்றமில்லை என்பதைத் தளத்தை நடத்துவோர் ஒவ்வொரு பட்டியல்காரரிடமும் தனித்தனியாகச் சொல்லிப் புரியவைக்க வேண்டியிருந்தது.