படுவான்கரை இறாலின் பயணம்

இறால் கடலில் பிறந்து களப்பில் வளரும். தாய் இறால் ஒரே இரவில் இலட்சக்கணக்கில் முட்டையிடும். பொரித்த குஞ்சு, மயிரிழைப் பருமனில், குடல் ஓடுவது வெளியே தெரியும்படி, பெருக்கு நீரோடு முகத்துவாரத்தால் உள்ளே ஏறும். ஏறத்தாழ 56 கிலோமீட்டர் நீண்டு கிடக்கும் மட்டக்களப்பு வாவியின் கண்டல் வேர்களுக்குள் சேறு கிளறித் தின்று பெருக்கும். வளர்ந்தது வீச்சுவலையில் விழும். வலையிலிருந்து சந்தைக்கு, சந்தையிலிருந்து சட்டிக்கு. அந்தப் பயணம் ஒரு பகலில் முடிந்துவிடும்.

1980களில் அதற்கு வேறொரு வழி திறந்தது. வாவியின் மேற்குப் பக்கமான படுவான்கரையில், கொக்கட்டிச்சோலைக்கு அருகில், செரண்டிப் சீஃபூட்ஸ் என்ற கம்பனி பண்ணை அமைத்தது. அதன் பங்குகளில் 48.2 வீதம் ஏஷியன் அக்ரிகல்ச்சரல் புரடக்ட்ஸ் என்ற ஹொங்கொங் கம்பனியிடம் இருந்தது. படுவான்கரையில் வளரும் இறால் ஜப்பானுக்குப் போக வேண்டும் என்பது திட்டம். பண்ணை இறால் நாலைந்து மாதத்தில் பிடிக்கும் பருவத்துக்கு வந்துவிடும். அதுவரை தீன் போட, மடை பார்க்க, இரவில் காவல் இருக்க ஆள் வேண்டும். விதைப்பும் வெட்டும் முடிந்தால் கையில் காசில்லாத கரையில் மாதச் சம்பளம் பெரிய காரியம். ஏற்றுமதி அப்போதுதான் தொடங்கியிருந்தது.

1987 ஜனவரி 27, 28ஆம் திகதிகளில் இலங்கை அரசின் விசேட அதிரடிப்படை கொக்கட்டிச்சோலைப் பகுதியைச் சுற்றி வளைத்தது. விடுதலைப் புலிகளுக்கு எதிரான நடவடிக்கை என்றது அரசு. பண்ணை அழிந்தது. அதில் வேலை செய்தவர்கள் 20 பேருக்கு மேல் கொல்லப்பட்டார்கள். சுற்றுக் கிராமங்களையும் சேர்த்து 80க்கும் மேற்பட்ட பொதுமக்கள் என்பது குறைந்த கணக்கு. 150க்கு மேல் என்பாரும் உண்டு. எங்கள் பக்கத்தில் இதற்கு இன்றும் பெயர் ‘இறால் பண்ணைப் படுகொலை’தான்.

இறாலின் பயணம் அங்கே நிற்கவில்லை. அதே ஆண்டு அது வழக்காகி வொஷிங்டனுக்குப் போனது. பிரித்தானியாவும் இலங்கையும் 1980இல் முதலீட்டுப் பாதுகாப்பு உடன்படிக்கை செய்திருந்தன. அன்று பிரித்தானியாவின் கையில் இருந்த ஹொங்கொங்குக்கும் அந்த உடன்படிக்கை நீட்டிக்கப்பட்டிருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு ஹொங்கொங் கம்பனி உலக வங்கியைச் சார்ந்த முதலீட்டுப் பிணக்கு மன்றத்தில் 80 இலட்சம் டொலருக்கு மேல் கேட்டது. இப்படி இரு நாட்டு உடன்படிக்கையை மட்டும் ஆதாரமாக வைத்து ஒரு முதலீட்டாளர் ஓர் அரசுமீது அங்கே தொடுத்த முதல் வழக்கு இதுதான். இன்று அந்த வகை வழக்குகள் ஆயிரத்தைத் தாண்டிவிட்டன.

1990 ஜூன் 27இல் தீர்ப்பு வந்தது. பண்ணையை அழித்தது படைதான் என்று மன்றம் தீர்மானிக்கவில்லை. ஆனால் முதலீட்டைக் காக்க எடுக்க வேண்டிய கவனத்தை அரசு எடுக்கவில்லை என்றது. எந்தக் கவனம்? பண்ணையில் சந்தேகத்துக்குரிய ஊழியர்கள் இருந்தால் அவர்களை விலக்குமாறு கம்பனியிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் செய்வதாகக் கம்பனியின் தலைமை சில நாட்களுக்கு முன்னர்தான் உறுதி கூறியிருந்தது. அந்த அமைதியான வழியை அரசு எடுத்திருந்தால் உயிரிழப்பையும் அழிவையும் குறைத்திருக்கலாம் என்பது மன்றத்தின் நியாயம்.

இந்த இடத்தை என்னால் எளிதில் கடந்துபோக முடிவதில்லை. அந்த ஊழியர்கள் தீர்ப்பில் வருகிறார்கள். ஆனால், முதலீட்டுக்கு ஆபத்து என்றால் முன்கூட்டியே வேலையிலிருந்து நீக்கியிருக்கக் கூடியவர்களாகத்தான் வருகிறார்கள். தங்களுக்கு இழைக்கப்பட்டதற்கு நீதி கேட்கும் மனிதர்களாக அவர்களுக்கு அங்கே இடமில்லை. நல்லெண்ண மதிப்பையும் எதிர்கால இலாபத்தையும் மறுத்துவிட்டு, மன்றம் 460,000 டொலரும் வட்டியும் கொடுக்கச் சொன்னது. பணம் பங்குதாரருக்கு. கொல்லப்பட்டவர்களின் குடும்பங்கள் அந்த வழக்கில் தரப்பே இல்லை. உடன்படிக்கை அவர்களுக்காக எழுதப்படவும் இல்லை.

கொன்றவர்களைத் தண்டிக்க வேண்டியது அரசு. அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் யுத்த பூமியில் மலிவான நிலமும் மலிவான உழைப்பும் கண்டு பண்ணை போடுகிறவருக்கும், அங்கிருந்து இறால் வாங்குகிறவருக்கும், அந்த உழைப்பாளியின் உயிர்மீது ஒரு கடமை உண்டு. அதை 2011இல்தான் ஐ.நா. மனித உரிமைப் பேரவை வழிகாட்டு நெறிகளாக ஏற்றது. நெறிகள்தான், கட்டுப்படுத்தும் சட்டம் அல்ல. பிரான்ஸ் 2017இல் இந்தக் கடமையைப் பெருங்கம்பனிகளுக்குச் சட்டமாக்கியது. ஜேர்மனியின் விநியோகச் சங்கிலிச் சட்டம் 2023இல் நடைமுறைக்கு வந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் ஒன்றை நிறைவேற்றி, அடுத்த ஆண்டே அதன் அமலாக்கத்தைத் தள்ளிப்போட்டது. கம்பனிகளுக்குச் சுமை அதிகமாம். கம்பனியின் பங்கைக் காக்கும் சட்டம் 1987இலேயே முழு வலுவோடு இருந்தது; அதன் வேலையாளைக் காக்கும் சட்டத்துக்குத்தான் இத்தனை தயக்கம்.

படுவான்கரைக் கிராமமான மகிழடித்தீவில் ஒவ்வொரு ஜனவரியும் கொல்லப்பட்டவர்களை நினைவுகூர அவர்களின் குடும்பங்கள் கூடுகின்றன. வொஷிங்டன் மன்றம் இன்றும் இயங்குகிறது. அதன் முன் வழக்காட, இன்றைக்கும், ஒருவர் முதலீட்டாளராகவோ அரசாகவோ இருக்க வேண்டும்.