மாவுக்குள் மறைந்திருந்த வலை

வீட்டில் முதன்முறையாகக் கையால் பாஸ்தா செய்ய முனைவோர் பெரும்பாலும் ஓரிடத்தில் தடுமாறுவர். பிசைந்த மாவை உடனே பலகையில் இட்டுத் தேய்த்தால், விரிந்த மாவு மீண்டும் சுருங்கிக்கொள்ளும். எவ்வளவு அழுத்தியும் பயனிராது. கைப்பழக்கம் உள்ளவர்களோ மாவை அரைமணி நேரம் மூடிவைத்துவிட்டுப் பிறகு தேய்ப்பார்கள். அப்போது அதே மாவு காகிதம்போல் மெல்லியதாக விரியும். அந்த அரைமணி நேரத்தில் மாவுக்குள் நடப்பது என்ன?

கோதுமை மாவைப் பிசைந்து, நாடாவாகவோ குழலாகவோ ஆக்கி, கொதிநீரில் வேகவைத்து உண்ணும் இத்தாலிய உணவே பாஸ்தா. நம் சேமியாவும் இவ்வகையைச் சேர்ந்ததே. மார்க்கோ போலோ இதைச் சீனாவிலிருந்து கொண்டுவந்தார் என்று ஒரு கதை உண்டு. 1929-இல் அமெரிக்க மாக்கரோனித் தொழிலாரின் இதழ் ஒன்று வெளியிட்ட கட்டுரை இதை வெகுவாகப் பரப்பியது. ஆனால் அவர் வெனிஸ் திரும்பியது 1295-இல். 1279-ஆம் ஆண்டு ஜெனோவா நகரில் எழுதப்பட்ட ஒரு சொத்துப் பட்டியலிலேயே ஒரு கூடை மாக்கரோனி இடம்பெற்றிருக்கிறது. அதற்கும் முன்னர், 1154-இல் தம் நூலை முடித்த அரபு நிலவியல் அறிஞர் அல் இத்ரீசி, சிசிலித் தீவின் திராபியா என்னும் ஊரில் இத்தகைய உணவு செய்யப்பட்டுக் கப்பல்களில் வெளியூர்களுக்கு அனுப்பப்பட்டதைக் குறித்துள்ளார்.

தொலைவுக்கு அனுப்பியது உலர்ந்த பாஸ்தா. வடக்கே பொலோஞா நகரில் புகழ்பெற்றதோ, முட்டை சேர்த்து அன்றன்றே செய்யும் பாஸ்தா. 100 கிராம் மாவுக்கு ஒரு முட்டை என்பது அங்குள்ள கணக்கு. பெண்கள் நீண்ட உருட்டுக்கட்டையால் மாவைத் தேய்த்து, சுருட்டி, கத்தியால் நாடாக்களாக நறுக்குவர்.

அதே பொலோஞாவில்தான் நம் வினாவுக்கு முதல் தடயமும் கிடைத்தது. அந்நகரின் அறிஞர் பெக்காரி, கோதுமை மாவைப் பிசைந்து நீரில் கழுவிப் பார்த்தார். வெண்மையான மாச்சத்து நீரோடு பிரிந்தது. இழுத்தால் நீளும் பிசின் போன்ற ஒரு பொருள் கையில் தங்கியது. அதுவே பசையம், அதாவது குளூட்டன். 1728-இல் பொலோஞா அறிவியல் கழகத்தில் இதை அவர் எடுத்துரைத்தார். அச்சில் வந்தது 1745-இல். மாச்சத்து புளித்தது, பசையமோ இறைச்சியைப்போல் அழுகியது. விலங்குப் பொருளின் தன்மை ஒரு தானியத்திலும் இருக்கிறது என்பது அன்று பெரும் வியப்பு! புரதம் என்ற பொருளில் 'புரோட்டீன்' என்னும் பெயர் வழங்கத் தொடங்கியதே 1838-இல்தான்.

பசையத்தில் இருவகைப் புரதங்கள் முக்கியமானவை. குளூட்டெனின் மாவுக்கு வில்சுருள் போன்ற மீள்தன்மையைத் தருகிறது. கிளையடின் நீண்டுகொடுக்கும் தன்மையைத் தருகிறது. நீருடன் சேர்த்துப் பிசையும்போது இவை பின்னிப் பிணைந்து ஒரு வலையாகின்றன. பிசைந்து முடித்தவுடன் அவ்வலை விறைப்பாக இருக்கும், தேய்த்தால் சுருங்கும். மாவை ஓய்வாக விட்டால், இறுகிய பிணைப்புகள் நெகிழ்ந்து புதிதாக அமைகின்றன. ஈரமும் மாவு முழுதும் சீராகப் பரவுகிறது. அரிசி மாவில் இத்தகைய வலை உருவாவதில்லை. ஆகவேதான் இடியாப்பத்துக்குச் சூடான நீரால் மாச்சத்தையே பசையாக்கி, அச்சில் பிழிகிறோம்.

பெக்காரியின் சோதனையை நீங்களும் செய்து பார்க்கலாம். ஒரு பிடி கோதுமை மாவைக் கெட்டியாகப் பிசைந்து, அரைமணி நேரம் மூடிவையுங்கள். பிறகு அதை ஒரு பாத்திர நீரில் மெல்லப் பிசைந்து கழுவுங்கள். நீர் பால்போல் வெளுக்கும். நீரை மாற்றி மாற்றிக் கழுவினால், சவ்வு போன்ற உருண்டை ஒன்று கையில் மிஞ்சும். மாவை ஓய்வாக விடவேண்டும் என்பதைச் சமையல் செய்த கைகள் நெடுங்காலமாக அறிந்திருந்தன. அதன் காரணத்தைத் தேட உதவிய பொருள் அந்த உருண்டைதான்.