கிளட்ச் பிளே: தென்தமிழகப் பட்டறைகளில் அதன் வரலாறு

கிளட்ச் பிளே என்பது கியர் வண்டியின் கிளட்ச் பெடலை மிதிக்கும்போது, அழுத்தம் தெரியாமல் அது முதலில் இறங்கும் சிறு தூரம். இந்தத் தூரத்தைச் சரியான அளவில் வைப்பதே கிளட்ச் அட்ஜஸ்ட்மென்ட். மாருதி 800 போன்ற கேபிள் கிளட்ச் கார்களில் இது ஏறத்தாழ 2 செ.மீ. இருக்கும்.

பின்னணி

1911-இல் டி.வி. சுந்தரம் ஐயங்கார் மதுரையில் தொடங்கிய நிறுவனம் தென்மாவட்டங்களில் மோட்டார் போக்குவரத்துக்கு வழிவகுத்தது. 1923-இல் விருதுபட்டி, விருதுநகர் எனப் பெயர் பெற்றது. கல்கத்தா சென்று தொழில் கற்றுத் திரும்பிய பி. அய்ய நாடாரும் ஏ. சண்முக நாடாரும் அதே ஆண்டில் சிவகாசியில் தீப்பெட்டித் தொழிலைத் தொடங்கினர். பின்னர் பட்டாசும் அச்சுத் தொழிலும் வளர்ந்தன. பருத்தி, மிளகாய், எண்ணெய் ஆகியவற்றின் சந்தையான விருதுநகரும் சிவகாசியும் லாரிகளை நம்பி வாழும் ஊர்களாயின. லாரிகளுடன் பட்டறைகளும் பெருகின. 1972-இல் பேருந்துகள் அரசுடைமையானபோது மதுரையில் பாண்டியன் போக்குவரத்துக் கழகம் உருவானது.

செயல்முறை

ஓட ஓட கிளட்ச் பிளேட்டின் லைனிங் தேயும். தேயும்போது பிரஷர் பிளேட் ஃபிளைவீலை நோக்கி நகர, அதன் ஸ்பிரிங் விரல்கள் ரிலீஸ் பேரிங்கை நெருங்கும். அதனால் பிளே குறையும். பிளே முற்றிலும் போய்விட்டால், பெடலை மிதிக்காதபோதும் பேரிங் ஸ்பிரிங்கை அழுத்திக்கொண்டிருக்கும். பிளேட் முழுதாகப் பிடிக்காமல் வழுக்கும். இதையே ‘கிளட்ச் ஸ்லிப்’ என்பர். எஞ்சின் இரையும், வண்டி நகராது, லைனிங் கருகும் வாசனை வரும். பிளே மிகுந்தாலோ கிளட்ச் முழுதாக விடாது. கியர் போடும்போது கரகரக்கும்.

கேபிள் கிளட்சில் கியர்பாக்ஸ் பக்கமுள்ள கேபிள் முனையின் நட்டைத் திருகிப் பிளேயைக் கூட்டலாம், குறைக்கலாம். பெடலைக் கையால் அழுத்தி, எதிர்ப்பு தொடங்கும் இடம்வரை அளவுகோலால் அளப்பது வழக்கம். பிளேட் தேய்ந்து முடிந்தபின் நட்டைத் திருகுவது நோயை மறைப்பதே. பிளேட்டை மாற்றத்தான் வேண்டும்.

மாற்றங்கள்

தொடக்ககாலக் கார்கள் பலவற்றில் தோல் பூசிய கூம்பு வடிவக் கிளட்ச் இருந்தது. பின்னர் தட்டுக் கிளட்சும் ஆஸ்பெஸ்டாஸ் கலந்த லைனிங்கும் பரவின. 1983 டிசம்பரில் வந்த மாருதி 800, கேபிள் கிளட்சை நடுத்தர வீடுகளுக்குக் கொண்டுசேர்த்தது. ஹைட்ராலிக் கிளட்சில் தேய்மானத்துக்கு ஏற்ப எண்ணெய் இடம்மாறி ஈடுசெய்வதால் நட்டு திருகும் வேலை பெரிதும் குறைந்தது.

தூசியும் தொழிலாளரும்

கிளட்சைக் கழற்றினால் உள்ளே லைனிங் தூள் படிந்திருக்கும். அதைக் காற்றுக் குழாயால் ஊதுவது பட்டறைப் பழக்கம். ஆஸ்பெஸ்டாஸ் இழை நுரையீரலில் தங்கிப் பல ஆண்டுகள் கழித்துப் புற்றுநோயாகவும் ஆஸ்பெஸ்டோசிஸ் நோயாகவும் வெளிப்படும். 1986-இல் உலகத் தொழிலாளர் அமைப்பு இதற்கென ஓர் உடன்படிக்கை கொண்டுவந்தது. 1995-இல் இந்திய உச்ச நீதிமன்றம், ஆஸ்பெஸ்டாஸ் தொழிலாளர் வழக்கில் உடல்நலம் தொழிலாளியின் அடிப்படை உரிமை எனத் தீர்ப்பளித்தது. ஊதாமல் ஈரத்துணியால் துடைப்பது மெக்கானிக்குக்கும், அருகில் நின்று தொழில் பழகும் பையனுக்கும் எளிய பாதுகாப்பு.