மலைப் பேச்சும் நூலக அலமாரியும்: கல்வராயன் மலையை முன்னிட்டு ஓர் ஆய்வு

கள்ளக்குறிச்சி 2019ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் தனி மாவட்டமாக அமைந்தபோது, அதன் எல்லைக்குள் இரண்டு விதமான பிரதேசங்கள் ஒன்றாக வந்து சேர்ந்தன. ஒன்று, மலையமான் திருமுடிக்காரியையும் கபிலரையும் நினைவூட்டும் திருக்கோவிலூர்ச் சமவெளி. மற்றொன்று, கச்சிராயபாளையத்தைக் கடந்து மேற்கே ஏறினால் வெள்ளிமலையை அடையும் கல்வராயன் மலை. தமிழில் முதுகலைப் பட்டத்துக்குப் பயிலும் மாணவன் ஒருவன் முன்னதைப் பற்றி எழுதப் புகுந்தால், சங்க நூற்பதிப்புகளும் உரைகளும் சாசனத் தொகுதிகளும் எந்தப் பெரிய நூலகத்திலும் அவனுக்காகக் காத்திருக்கும். பின்னதன் பேச்சுத் தமிழைப் பற்றி எழுத விரும்பினாலோ, அதே நூலகத்தின் மொழிப் பகுதியில் ஏறத்தாழ வெறுங்கையோடு நிற்க வேண்டியிருக்கும். இந்த வேறுபாடு யாருடைய அலட்சியத்தாலும் ஒரே நாளில் உண்டானதன்று; நம் ஆராய்ச்சி நூலகங்கள் உருவான விதத்திலேயே அதன் காரணம் அடங்கியிருக்கிறது என்பதைக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

தமிழ் நூல்களைத் திரட்டி வகைப்படுத்தும் முயற்சி, நூலகக் கட்டிடங்கள் எழுவதற்கு முன்பே தொடங்கிவிட்டது. ஜான் மர்டாக் என்ற பாதிரியார் 1865இல் சென்னையில் வெளியிட்ட அச்சுத் தமிழ் நூல்களின் வகைப்பட்டியல், அந்தக் காலத்தில் தமிழில் என்னென்ன அச்சாகியிருந்தன என்பதைப் பொருள்வாரியாகக் காட்டிய அரிய காரியம். இரண்டே ஆண்டுகளில், 1867இல், அச்சகங்களையும் புத்தகப் பதிவையும் பற்றிய சட்டம் வந்தது. அதன்படி அரசாங்கம் மூன்று மாதத்துக்கொரு முறை வெளியிட்ட ஜாபிதாக்களில் நூலின் பெயர், ஆசிரியர், அச்சகம் ஆகியவற்றோடு எத்தனை பிரதிகள் அச்சிடப்பட்டன, விலை என்ன என்பவையும் பதிவாயின. அரசாங்கத்தின் கண்காணிப்புக்காகப் பிறந்த இந்த ஜாபிதாக்கள் இலக்கிய வரலாற்று ஆசிரியனுக்குப் பொக்கிஷமாக முடிந்தது காலத்தின் வேடிக்கைகளில் ஒன்று. தமிழ்ப் பிரதிகள் பல லண்டனுக்கும் சென்றன. பிரிட்டிஷ் மியூசியத்தில் சேர்ந்த தமிழ் நூல்களுக்குப் பார்னெட்டும் ஜி. யூ. போப்பும் தொகுத்த பட்டியல் 1909இல் வெளிவந்தது. ஆக்ஸ்போர்டில் தமிழ் கற்பித்த போப், அதற்கு முந்தைய ஆண்டே காலமாகிவிட்டார்.

இவையனைத்துக்கும் பொதுவான இயல்பு ஒன்று உண்டு: அச்சேறியது மட்டுமே பட்டியலேறியது. கல்வராயன் மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினரின் பேச்சும் கதையும் பாட்டும் அச்சு இயந்திரத்தின் வாசலை மிதிக்கவில்லை. ஆகவே எந்த ஜாபிதாவும் அவற்றைக் காணவில்லை.

ஆனால் மலை முழுவதுமே ஏடுகளுக்கு அப்பால் நின்றுவிட்டது என்று சொல்லவும் இயலாது. கார்ஸ்டின் 1878இல் எழுதிய தென் ஆர்க்காடு ஜில்லா மானுவல், லெபானு 1883இல் எழுதிய சேலம் ஜில்லா மானுவல், பிரான்சிஸ் 1906இல் வெளியிட்ட தென் ஆர்க்காடு கெஜட்டியர், ரிச்சர்ட்ஸ் 1918இல் வெளியிட்ட சேலம் கெஜட்டியர் ஆகியவற்றை வரிசையாக வைத்துப் படிக்க வேண்டும். மலைத்தொடர் இரண்டு ஜில்லாக்களுக்கும் பங்கு போடப்பட்டிருந்தமையால், ஒரு ஜில்லாவின் நூலை மட்டும் பார்த்துத் திரும்புகிறவன் பாதி மலையையே பார்த்தவனாவான். காஞ்சிபுரத்திலிருந்து வந்து வெவ்வேறு மலைகளில் குடியேறிய சகோதரர்களின் வழிவந்தவர்கள் மலையாளிகள் என்னும் ஐதிகம், எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட ஏழு தொகுதிகளைக் கொண்ட தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் பற்றிய நூலில் விரிவாகக் காணப்படுகிறது. சடையக் கவுண்டர், குறும்பக் கவுண்டர், அரியக் கவுண்டர் என்ற ஜாகீர்தாரர்கள் மலையை ஆண்ட முறையும், அவர்களுக்கும் சர்க்காருக்கும் இருந்த சம்பந்தமும் இத்தகைய நூல்களின் வழியாகவும், எழும்பூரில் உள்ள ஆவணக் காப்பகத்தின் வருவாய்த்துறைக் கட்டுகளின் வழியாகவும் தெரியவரும். 1976இல்தான் இந்த ஜாகீர்கள் முடிவுக்கு வந்து, மலை அரசின் நேரடி நிர்வாகத்துக்குள் வந்தது என்பதை ஆராய்ச்சியாளன் மறக்கலாகாது. அதுவரையில் எழுதிய அதிகாரிகளின் கவனம் நிலத்திலும் வனத்திலும் வரியிலும் கல்யாணச் சடங்குகளிலும் இருந்ததேயன்றி, மக்கள் பேசிய சொல்லில் இருக்கவில்லை.

பேச்சுக்கென்றே வகுக்கப்பட்ட பெருமுயற்சியும் இம்மலையை விட்டு விலகிப் போயிற்று. கிரியர்சன் நடத்திய இந்திய மொழிகளின் அளவாய்வு, இந்திய மொழியியலின் மகத்தான சாதனை என்பதில் ஐயமில்லை. திராவிட மொழிகளை ஆராயும் அதன் நான்காம் தொகுதி 1906இல் வெளிவந்தது. ஆனால் சென்னை மாகாணமும், ஹைதராபாத், மைசூர் சமஸ்தானங்களும் அந்த அளவாய்வின் நேரடி எல்லைக்குள் சேர்க்கப்படவில்லை. தமிழ் பேசப்படும் தாயகமே விலக்கப்பட்ட நிலையில், அதன் ஒரு மூலையிலுள்ள மலையின் வழக்கு எவ்வாறு பதிவாகியிருக்கும்? என் மதிப்பில், கல்வராயன் மலைப் பேச்சைப் பற்றிய நூலக வெறுமைக்கு இதுவே தலையாய காரணம். பிற மாகாணங்களில் சிறு சிறு கிளைவழக்குகளுக்குக்கூட மாதிரி வாசகங்கள் திரட்டப்பட்டன என்பதை நோக்கினால் இழப்பின் அளவு புலப்படும்.

இந்நிலையில் நூலகங்கள் வளர்ந்த கதையைச் சுருக்கமாகக் கூறலாம். கன்னிமாரா நூலகம் 1896இல் திறக்கப்பட்டது. 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகராகப் பொறுப்பேற்ற கணித ஆசிரியர் எஸ். ஆர். ரங்கநாதன், 1933இல் கோலன் பகுப்பு முறையை வெளியிட்டார். 1948இல் நிறைவேறிய சென்னைப் பொது நூலகச் சட்டத்துக்குப் பின்னாலும் அவருடைய உழைப்பே நின்றது. அந்தப் பகுப்பு முறையில் இலக்கியத்துக்கு ‘ஓ’, மொழியியலுக்கு ‘பி’, சமூகவியலுக்கு ‘ஒய்’ என்று எழுத்துகள் உண்டு; தமிழுக்குரிய எண் 31. மொழி மாணவன் ‘பி 31’ என்ற அலமாரியை நோக்கியே நடப்பான். அவனுக்கு வேண்டிய மலையோ ‘ஒய்’ வரிசையில், பழங்குடிகளைப் பற்றிய நூல்களுக்கிடையே அமர்ந்திருக்கும். பகுப்பு முறையின் மேல் குற்றமில்லை. எழுதினவர்கள் எதைப் பற்றி எழுதினார்களோ அதற்கேற்ற இடத்தில்தான் நூலகர் நூலை வைக்க முடியும். பட்டியலில் ‘மலையாளி’ என்று தேடினால் கேரள நாட்டவரைப் பற்றிய நூல்களே குவியும் என்பதையும், மலையின் பெயர் கல்வராயன், கல்ராயன் எனப் பலவாறு எழுதப்பட்டிருக்கிறது என்பதையும் முன்கூட்டியே அறிந்து செல்வது நலம்.

மொழியியல் அலமாரியில் மலையாளிகளின் பேச்சு இடம்பெறத் தொடங்கியது சிதம்பரத்திலிருந்துதான் எனலாம். 1929இல் அங்கு நிறுவப்பெற்ற அண்ணாமலைப் பல்கலைக்கழகம், கள்ளக்குறிச்சியும் அடங்கியிருந்த பழைய தென் ஆர்க்காடு ஜில்லாவிலேயே அமைந்தது. அங்கு வளர்ந்த மொழியியல் துறை, ஏட்டுத் தமிழோடு நில்லாமல் வட்டார வழக்குகளையும் பழங்குடி மொழிகளையும் களத்துக்கே சென்று ஆராயும் மரபை உண்டாக்கிற்று. கொல்லிமலைத் தமிழைப் பற்றிக் கி. கருணாகரன் எழுதிய நூலை அப்பல்கலைக்கழகம் 1971இல் வெளியிட்டது. கொல்லிமலையிலும் கல்வராயனிலும் வாழ்வோர் மலையாளிகள் என்ற ஒரே பெயருடைய மக்களாதலால், கல்வராயன் பேச்சை ஆராய்பவனுக்கு அந்நூல் ஒப்பீட்டுக்கு உற்ற துணை. எனினும் கொல்லிமலையில் கண்டதை அப்படியே கல்வராயனுக்கு ஏற்றிச் சொல்வது சாஸ்திரமாகாது. இரண்டு மலைகளும் வெவ்வேறு சமவெளிச் சந்தைகளோடு உறவாடி வந்தவை.

நூலகங்களின் கதைக்குத் திரும்பினால், 1954ஆம் ஆண்டுச் சட்டத்தால் கன்னிமாரா, இந்தியாவில் வெளியாகும் நூல்களின் பிரதிகளைப் பெறும் நூலகங்களுள் ஒன்றாயிற்று. கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியாரின் சேகரிப்பைச் சிகாகோ பல்கலைக்கழகம் 1994இல் வாங்கி, அதைக் கடல் கடந்து கொண்டுபோகாமல் சென்னையிலேயே ஆராய்ச்சி நூலகமாக நிலைபெறச் செய்தது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம், கள்ளக்குறிச்சியில் இருந்தபடியே பல பழம்பதிப்புகளைப் படிக்க வழி செய்திருக்கிறது. இவை பெருநன்மைகளே. ஆயினும் அச்சான பிரதிகளைப் பெறும் சட்டத்துக்குள் தட்டச்சு ஆய்வேடுகள் அடங்கா. முனைவர் பட்ட ஆய்வேடுகளுக்குச் சோத்கங்கா என்ற மின் களஞ்சியம் இருக்கிறது. முதுகலை மாணவர்களின் சிற்றாய்வேடுகளோ பெரும்பாலும் துறை அலமாரியில் தங்கிப் பிறகு பழைய காகிதமாகின்றன. மலைக்குச் சென்று கேட்டெழுதும் வேலையை மிகுதியும் செய்யக்கூடியவர்கள் அம்மாணவர்களே என்பதால், இந்த இழப்பு சிறியதன்று.

ஆகவே பெரிய நூலகத்துக்குப் புறப்படும் மாணவன், நெறியாளரின் கடிதத்தோடு, தேட வேண்டிய பெயர்களின் பலவகை எழுத்து வடிவங்களையும் குறித்துக்கொண்டு செல்லட்டும். மொழிப் பகுதியைப் பார்த்தபின் கெஜட்டியர், இனவரைவியல், வருவாய்த்துறைப் பகுதிகளையும் தவறாமல் பார்க்கட்டும். கல்லூரித் துறைத் தலைவர்களுக்கும் ஒரு விண்ணப்பம்: கல்வராயன் மலைப் பேச்சைப் பற்றி இனி எழுதப்படும் ஒவ்வொரு ஆய்வேட்டின் ஒரு பிரதியையும், அதற்காகச் செய்த ஒலிப்பதிவுகளையும், பேசியவர்களின் சம்மதம் பெற்று, கள்ளக்குறிச்சியிலுள்ள பொது நூலகத்தில் ஒப்படைக்க ஏற்பாடு செய்யுங்கள்.