கோவிவன் என்ன நிறம்?

“ப்ரோ, நாட்டு நாய் வளர்க்கணும். ராஜபாளையமா, சிப்பிப்பாறையா?” நம்ம நேயர்கள்கிட்டருந்து அடிக்கடி வர்ற கேள்வி இது. ஒரு வார்த்தையில பதில் சொல்லிடலாம். ஆனா இது ஹிஸ்டரி பாட்காஸ்ட். அதனால ஒரு 1400 வருஷம் பின்னாடி போயிட்டு வந்துடுவோம்.

காஞ்சிபுரத்தைத் தலைநகரா வச்சு பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் ஆண்ட காலம். அவனோட 34-ஆவது ஆட்சியாண்டு. இன்றைய திருவண்ணாமலை மாவட்டத்துல இருக்கிற எடத்தனூர்ல எருமைகளைக் காப்பாத்துற சண்டை ஒண்ணு நடக்குது. கருந்தேவக்கத்திங்கிற வீரன் அதுல செத்துப்போறான். அவனுக்கு ஒரு நடுகல் வைக்கிறாங்க. அந்தக் கல்லுல அவன்கூட ஒரு நாயையும் செதுக்கியிருக்காங்க. அதோட பேர் கோவிவன், அது கள்ளனைக் கடிச்சுக் காவல் நின்னதுன்னு தனியா ஒரு குறிப்பும் வெட்டியிருக்காங்க.

ராஜா பேர் இருக்கிற அதே கல்லுல நாய் பேரும் இருக்கு. அது செஞ்ச வேலையும் இருக்கு. ஆனா கோவிவன் என்ன நிறம், என்ன இனம்? ஒரு வார்த்தை கிடையாது. இன்னைக்கு நாம நாய் வாங்கும்போது முதல்ல கேக்கிறதே அந்த ரெண்டைத்தான்.

‘இனம்’னு ஒண்ணை எழுதி வச்சு, உயரம், நிறம், காது வடிவம்னு அளவு குறிச்சு, பரம்பரைப் பதிவேடு போடுற பழக்கம் ரொம்பப் பிந்தி வந்தது. லண்டன்ல கென்னல் கிளப் ஆரம்பிச்சது 1873-ல். நம்ம ஊர்ல அதுக்கு முன்னாடியெல்லாம் நாயைச் சொன்னது ஊரையும் வேலையையும் வச்சுத்தான். ராஜபாளையம், சிப்பிப்பாறை ரெண்டும் விருதுநகர் மாவட்டத்து ஊர்ப் பேர். கோம்பை தேனி மாவட்டம். கன்னி மட்டும்தான் ஊர்ப் பேர் இல்லை. கல்யாணப் பொண்ணுக்குச் சீரா கொடுத்த நாய்ங்கிறதால அந்தப் பேர்னு சொல்லுவாங்க. சிப்பிப்பாறையும் கன்னியும் ஒரே இனம்தான், நிறம்தான் வேறன்னு சொல்ற வளர்ப்பாளர்களும் உண்டு.

வேலையைப் பாருங்க. ராஜபாளையம் காவலுக்கும் பன்றி வேட்டைக்கும். வீட்டு ஆளுங்க தவிர யாரையும் லேசுல நம்பாது. சிப்பிப்பாறையும் கன்னியும் கரிசக்காட்டுல முயல் துரத்தினவை. ஒட்டின வயிறு, நீளக் கால், ஆழமான மார்புக்கூடு. மோப்பத்தைவிடக் கண்ணை நம்பி ஓடுற நாய்கள். தூரத்துல ஏதாவது அசைஞ்சா கால் தானா கிளம்பிடும். கோம்பை தோட்டம், கால்நடை, வீடு எல்லாத்துக்கும் காவல்.

காலம் மாறிடுச்சு. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-ல வந்தது; இன்னைக்கு முயல் வேட்டை குற்றம். வேலை போயிடுச்சு, ஆனா அந்த வேலைக்காகப் பல தலைமுறையா உருவான உடம்பும் குணமும் அப்படியே இருக்கு. இன்னொரு பக்கம் பெருமை வந்து சேர்ந்தது. 2005 ஜனவரியில இந்திய அஞ்சல் துறை வெளியிட்ட நாலு நாய் ஸ்டாம்ப்ல ராஜபாளையமும் ஒண்ணு. 2020 ஆகஸ்ட்ல பிரதமரோட வானொலிப் பேச்சுல நம்ம நாலு இனமும் பேரோட வந்தது. அரசோட விலங்கு மரபணு வள அமைப்பு முதன்முதல்ல பதிவு செஞ்ச மூணு நாயினங்கள்ல ராஜபாளையமும் சிப்பிப்பாறையும் இருக்கு. மூணாவது கர்நாடகத்து முதோல். அழியுற நிலையில இருந்த இனங்களுக்கு இந்தக் கவனம் தேவைதான். ஆனா வேலையை மறந்துட்டு பெருமைக்காக மட்டும் வாங்கினா, அந்தக் கணக்கை நாய்தான் தீர்க்கும்.

வெள்ளை நிறத்தையே எடுத்துக்கோங்க. தூய வெள்ளை உடம்பு, ரோஸ் மூக்கு: ராஜபாளையம்னா அதுதான்னு ஆகிப்போச்சு. ஆனா உள்காது சரியா வேலை செய்யவும் நிறமி செல்கள் வேணும். உடம்பு முழுக்க நிறம் இல்லாத குட்டிகள்ல அந்த செல்கள் உள்காதுக்குப் போய்ச் சேராமப் போகலாம். பிறந்த சில வாரத்துக்குள்ள கேட்கும் திறன் போயிடும். டால்மேஷியன்லயும் இதே பிரச்சினை உண்டு. நிறத்தை மட்டும் பார்த்து, நெருங்கின சொந்தத்துக்குள்ளயே இணை சேர்த்தா இது கூடும். காது கேக்காத காவல் நாய்! கோவிவன் கதைக்கு நேர் எதிர்.

இப்போ நம்ம ஊருக்கு வருவோம். பிள்ளையார்பாளையத்துல சுவரோட சுவர் ஒட்டின வீடுகள். உள்ளே தறி. நூல் கொண்டு வர்றவங்க, சேலை வாங்கிட்டுப் போறவங்கன்னு வாசல்ல நாள் முழுக்க ஆள். அங்க ஒரு ராஜபாளையத்தைக் கட்டிப் போட்டா, வர்ற ஒவ்வொருத்தரும் அதுக்குக் கள்ளன்தான். சென்னையில ஒன்பதாவது மாடி ஃப்ளாட்ல, காலையில எட்டு மணிக்கு ஆபீஸ் கிளம்புறவங்க வீட்டுல ஒரு சிப்பிப்பாறை இருந்தா? அது ஓட வேண்டிய தூரமெல்லாம் சோபாவுலயும் கதவுலயும் கீறலா வரும்.

அப்போ என்ன பண்றது? பட்டுச் சேலை எடுக்கும்போது உள்பக்கத்தைத் திருப்பிப் பார்க்கிறோம்ல, அதுமாதிரிதான்.

முதல்ல, அந்த இனம் வளர்ந்த நாய் இருக்கிற வீட்டுக்கு ரெண்டு மூணு தடவை போங்க. குட்டி எல்லாமே அழகாத்தான் இருக்கும். தாயையும் முடிஞ்சா தகப்பனையும் நேர்ல பாருங்க. ரெண்டும் என்ன சொந்தம்னு கேளுங்க. குட்டியைத் தனியா விட்டு, அதோட பார்வைக்குப் படாம சத்தம் கொடுங்க. கூட்டத்துல இருந்தா மத்த குட்டியைப் பார்த்துத் திரும்பிடும். ஒரு காது மட்டும் கேக்கலைன்னா இதுலயும் தெரியாது. பெயர் டெஸ்ட்னு ஒண்ணு இருக்கு, கால்நடை மருத்துவர்கிட்ட கேளுங்க. எட்டு வாரம் ஆகாத குட்டியை விக்கக் கூடாதுன்னு 2017 விதி சொல்லுது. அதுக்கு முன்னாடியே தர்றேன்னு சொல்றவர்கிட்ட வாங்காதீங்க.

இன்னும் ஆழமாப் போகணும்னா சு. தியடோர் பாஸ்கரனோட ‘இந்திய நாயினங்கள்’ புத்தகம் இருக்கு.

அதனால, ராஜபாளையமா சிப்பிப்பாறையான்னு என்கிட்ட கேக்குறதுக்கு முன்னாடி நீங்க ஒண்ணுக்குப் பதில் சொல்லுங்க: தினமும் அதுக்கு என்ன வேலை கொடுக்கப் போறீங்க? பதில் இருந்தா தைரியமா வளருங்க. இல்லைன்னா, உங்க தெருவுலயே வாலாட்டிட்டு நிக்கிற குட்டியைப் பாருங்க. அதுவும் நாட்டு நாய்தான். அடுத்த எபிசோட்ல சந்திப்போம்!