உவர் நிலமும் தானியப் பயிர்களும்

நீரில் கரையும் உப்புகள் அளவுக்கு மீறிச் சேர்ந்த நிலம் உவர் நிலம். குழைத்த மண்ணிலிருந்து பிரித்தெடுக்கும் சாற்றின் மின் கடத்துதிறன் மீட்டருக்கு 4 டெசிசீமன்ஸைத் தாண்டினால் மண்ணியலார் அதை உவர் என்பர். கடல்நீரின் அளவு ஏறத்தாழ 50. கோடையில் நீர் ஆவியாக, உப்பு மேலேறி வரப்போரங்களிலும் மேட்டுத் திட்டுகளிலும் வெண்மையாகப் பூக்கும். களர் நிலம் வேறு. அங்கே மண் துகள்களில் ஒட்டிய சோடியமே சிக்கல். கார அமில நிலை 8.5-க்கு மேல் போகும், மண் இறுகி நீர் இறங்காது. பேச்சுவழக்கில் இரண்டையும் ஒன்றாகவே சொல்லிவிடுகிறோம்.

உப்பு பயிரை முதலில் தாகத்தால் தாக்குகிறது. மண்ணீரில் உப்பு கூடக் கூட, வேரால் அதை இழுக்க முடிவதில்லை. வயலில் தண்ணீர் நிற்கும்போதே பயிர் வறட்சியில் வாடுவதுபோல் இலை சுருட்டும். புது இலையும் தூரும் குறையும். அடுத்து வருவது நஞ்சு. அது மெல்ல ஏறும். நீரோட்டத்தோடு இலைக்குப் போன சோடியம், நீர் ஆவியான பிறகு அங்கேயே தங்கிவிடுகிறது. அதனால்தான் அடியிலுள்ள முதிர்ந்த இலைகள் முதலில் நுனியிலிருந்து வெளுத்துக் கருகுகின்றன. பொட்டாசியம் நின்று நடத்தவேண்டிய நொதிகளின் வேலையையும் சோடியம் புகுந்து கெடுக்கிறது. புது இலை விடுவதைவிடப் பழைய இலை சாவது வேகமானால் கதிர் பால் பிடிக்க வழியில்லை.

எல்லாத் தானியமும் ஒரே அளவில் துவளுவதில்லை. வாற்கோதுமை 8 டெசிசீமன்ஸ் வரை விளைச்சல் குறையாமல் தாங்கும். கோதுமை 6 வரை. நெல்லுக்கு எல்லை 3, மக்காச்சோளத்துக்கு 1.7 மட்டுமே. எல்லையைத் தாண்டியபின் நெல்லில் ஒவ்வொரு டெசிசீமன்ஸுக்கும் சுமார் 12 சதவீதம் போகிறது. 7-ஐத் தொட்டால் பாதி விளைச்சல் போயிற்று.

நெல்லின் வயதும் கணக்கில் வரும். முளைக்கும்போது உப்பைப் பொறுத்துக்கொள்ளும் நெல், இளம் நாற்றாக இருக்கையில் எளிதில் மடியும். தூர் கட்டும் பருவத்தில் மீண்டும் தேறும். கதிர் உருவாகிப் பூக்கும்போது உப்பு பட்டால் மகரந்தம் மலடாகிறது; வெளியே பச்சையாகத் தெரிந்த வயல் அறுவடையில் பதராகக் கொட்டும். நட்டம் வெகு தாமதமாகவே தெரிவதால், இதுவே மிகக் கொடிய கட்டம்.

கேரளக் கடலோரத்தில் பொக்காளி நெல் பயிரிடும் உழவர்கள் இந்த வயதுக் கணக்கை நடைமுறையிலேயே கண்டுகொண்டவர்கள். வயலில் மண்ணை மேடுகளாகக் குவித்து, பருவமழை உப்பைக் கழுவிய பிறகு மேட்டின் மேல் முளைகட்டிய விதையைத் தூவுவார்கள். நாற்று வளர்ந்ததும் மேட்டை வெட்டி, மண்ணோடு சேர்த்து வயலெங்கும் பரப்புவார்கள். அறுவடை முடிந்ததும் அதே வயலில் கடல்நீர் புகும், இறால் வளரும்.

பொக்காளியின் தாங்குதிறனில் ஒரு பகுதி முதலாம் குரோமோசோமில் உள்ளது. ‘சால்டால்’ எனப்படும் அப்பகுதியை இன்று பல நெல் ரகங்களில் ஏற்றுகிறார்கள். வங்கத்து நோனா போக்ரா நெல்லில் 2005-இல் இனங்காணப்பட்ட மரபணு, இலைக்குப் போகும் சோடியத்தை வழியிலேயே திருப்பி எடுக்கிறது. ரொட்டிக் கோதுமைக்கும் இத்தகைய மரபணு உண்டு. அது இல்லாத துரும் கோதுமை உப்பில் அதிகம் அடிபடுகிறது. வாற்கோதுமையின் வழி வேறு: உள்ளே வந்த உப்பைச் செல்லின் நுண்குமிழில் பூட்டிவைத்துவிடும்.

நிலத்தைச் சீராக்க வடிகால் வெட்டி, நல்ல நீர் தேக்கி, உப்பைக் கரைத்து வெளியேற்றுவதே உவருக்கு மருந்து. நன்செய்யில் முற்றிய நாற்றைக் குத்துக்குச் சற்றுக் கூடுதலாக நடுவது சேதத்தைக் குறைக்கும். ஜிப்சமும் தக்கைப்பூண்டு மடக்கி உழுவதும் களருக்கான மருந்து. வெறும் உவர் நிலத்தில் ஜிப்சம் கொட்டுவது வீண்செலவு. மூட்டை வாங்குமுன் மண் பரிசோதனை அட்டையில் மின் கடத்துதிறன், கார அமில நிலை இரண்டையும் பாருங்கள்.