நீல் மில்லரின் எலிகள்

இதயத்துடிப்பு நம் விருப்பத்துக்குக் கட்டுப்படாதது என்றே மேலை மருத்துவம் நெடுங்காலம் கருதிவந்தது. நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் நீல் மில்லரும் லியோ டிகாராவும் 1960-களின் இறுதியில் அக்கருத்தை அசைத்தனர். குராரே நஞ்சால் எலிகளின் தசைகளை முடக்கி, செயற்கைச் சுவாசத்தில் வைத்து, துடிப்பு விரும்பியவாறு மாறும்போதெல்லாம் மூளைக்கு இன்பத் தூண்டல் அளித்தனர். எலிகள் துடிப்பைக் கூட்டவும் குறைக்கவும் கற்றன என்று 1969-இல் மில்லர் எழுதினார். உடலின் நிலையை உடனுக்குடன் ஒலியாகவோ ஒளியாகவோ உணர்த்தி, அதை மாற்றப் பழக்கும் முறைக்கு 'பயோஃபீட்பேக்' என்ற பெயர் நிலைத்ததும் அவ்வாண்டிலேயே. மனநோய்க்கு மருந்தில்லா வழி பிறந்துவிட்டதெனப் பலர் மகிழ்ந்தனர். மன அமைதி தரும் என்று கருவி விற்றவர்களும் இருந்தனர்!

நாம் போற்றுவது அதன்பின் நிகழ்ந்ததையே. அம்முடிவுகள் மில்லரின் ஆய்வுக்கூடத்திலேயே மீண்டும் கிட்டவில்லை. அவர் அதை மறைக்கவில்லை. பாரி டுவோர்கினுடன் சேர்ந்து 1974-இல் அச்சிலேயே அறிவித்தார்.

எலிகள் கைவிட்டாலும் சிகிச்சை மடியவில்லை. கொலராடோவில் தாமஸ் புட்ஸின்ஸ்கியும் யோஹான் ஸ்டோய்வாவும் நெற்றித் தசையின் இறுக்கத்தை ஒலியாக்கித் தலைவலியாளருக்குக் கேட்கச் செய்திருந்தனர். தசை தளரத் தளர ஒலி தாழ்ந்தது. தலைவலிக்கு அதன் பயன் இன்று நன்கு நிறுவப்பட்டுள்ளது. மனப்பதற்றத்துக்கோ, கருவியின்றித் தசை தளர்த்தும் எளிய பயிற்சியும் பல ஆய்வுகளில் ஏறக்குறைய அதே பயனைத் தந்திருக்கிறது.